கறுப்புக்குப் பின்னால் என்ன நிறம்?

தோலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்பதை மேல்விஷாரத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆற்காட்டிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றின் அண்மையில் அமைந்து, இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்துள்ள அவ்வூரில், தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டவர்கள், மயிர் இருந்த பக்கத்தின் அழகை மட்டும் கண்டு ஒரு தோலின் தரத்தை முடிவு செய்வதில்லை. உரிக்கும்போது கத்தி தவறிப் பட்ட வெட்டு சதைப் பக்கத்தில் மறைந்திருக்கக்கூடும் என்பதால், கையிலெடுத்த ஒவ்வொரு தோலையும் புரட்டிப் பார்த்த பின்னரே அதற்குரிய அடுக்கில் இடுவார்கள். கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தைக் கொண்டு தெரியாத பக்கத்தைப் பற்றி எவ்வளவு தூரம் உறுதியாகப் பேசலாம் என்னும் வினா அவர்களுக்குத் தினசரிப் பிழைப்பின் வினா. கணித சாஸ்திரத்தில் நிகழ்தகவு என்று பெயர் பெற்றுள்ள பெரும் பிரிவு ஆராய்வதும் ஏறக்குறைய அதே வினாதான். 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அதே ஊரில் இருப்பதால், கைப்பழக்கத்தின் ஞானமும் ஏட்டுக் கணிதத்தின் ஞானமும் ஒரே தெருவில் எதிரெதிராக நடந்து வருவதற்கு அங்கே இடமுண்டு.

அவ்விரண்டும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு புதிரை அவிழ்க்க முற்பட்டால் என்ன நேரும் என்பதைக் காட்டுவதற்காக, வாசகர்கள் என்னோடு ஒரு மாலைக் காட்சியை மனத்தில் வரைந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். வேலை முடிந்துவிட்டது, டிரம்கள் சுழல்வது நின்றுவிட்டது, தொழிற்கூடத்தின் முன் தாழ்வாரத்தில், தேநீர்க் குவளைகளோடு நால்வர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் நாற்பது ஆண்டுகளாகத் தோலைத் தரம் பிரித்துப் பழகிய பெரியவர். இன்னொருவர் தொழிற்கூடத்தின் கணக்கர். மூன்றாமவர் அதே தெருவில் குடியிருக்கும் பள்ளியாசிரியர். நான்காமவர் கல்லூரியில் கணிதம் பயிலும் இளைஞர். புதிரைக் கொண்டு வந்தவர் அந்த இளைஞர்.

புதிர் இதுதான். உள்ளங்கையளவுள்ள மூன்று தோல் துண்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இரு பக்கமும் கறுப்பு. ஒன்றுக்கு இரு பக்கமும் சிவப்பு. எஞ்சிய ஒன்றுக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் சிவப்பு. மூன்றையும் ஒரு பையில் இட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கிறோம். மேலே தெரியும் நிறம் கறுப்பு. அப்படியானால், அதன் அடிப்பக்கமும் கறுப்பாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு?

மேல்தோலை நீக்கியபின் எஞ்சும் ஸ்பிளிட் தோலையே இதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று பெரியவர் முதலிலேயே திருத்தம் கூறுகிறார். ஏனெனில் அதன் இரு பக்கங்களும் தொட்டால் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மற்றத் தோலாயின், எடுக்கிற விரலுக்கே பக்கம் தெரிந்து போய்விடும். புதிரின் உயிர்நிலையை அவர் தம் தொழிலின் வழியாகவே தொட்டுவிட்டார் என்பது பின்னர் விளங்கும்.

கணக்கர் தயங்காமல் விடை சொல்கிறார்: "மேலே கறுப்புத் தெரிகிறது, ஆகவே இரட்டைச் சிவப்புத் துண்டு கழிந்தது. மிச்சம் இரண்டு துண்டுகள். ஒன்றில் அடியும் கறுப்பு, மற்றொன்றில் அடி சிவப்பு. பாதிக்குப் பாதி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" ஆசிரியரும் தலையசைக்கிறார். இளைஞரோ, விடை மூன்றில் இரண்டு என்கிறார். விவாதம் எழுகிறது.

இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணக்கரின் பிழை அறியாமையால் விளைந்த பிழையன்று. மனித புத்தியின் இயல்பிலேயே ஊறிய பிழை அது. மூன்று பெட்டிகளில் பொன் நாணயங்களையும் வெள்ளி நாணயங்களையும் இட்டு, இதே புதிரை ஜோசப் பெர்ட்ரான் என்னும் பிரெஞ்சுக் கணித மேதை 1889-ஆம் ஆண்டில் தம் நூலொன்றில் எடுத்துக் காட்டியது, எவ்வளவு எளிதாக நாம் வழுக்கி விழுகிறோம் என்பதை உலகுக்கு உணர்த்துவதற்காகவே. எஞ்சியவை இரண்டு என்று கண்டவுடன் அவ்விரண்டும் சம பலமுடையவை என்று நாம் துணிந்துவிடுகிறோம். எண்ணிக்கையில் இரண்டாக இருப்பது வேறு, வாய்ப்பில் சமமாக இருப்பது வேறு என்னும் பேதம் அவசரத்தில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

தாழ்வாரத்துக்குத் திரும்புவோம். குரல் உயர்ந்து கொண்டிருந்த வேளையில் ஆசிரியர் ஒரு நல்ல காரியம் செய்கிறார்: வெள்ளைச் சுண்ணக்கட்டியை எடுத்து, துண்டுகளின் ஆறு பக்கங்களிலும் ஓரத்தில் எண்ணிடுகிறார். இரட்டைக் கறுப்பின் பக்கங்கள் ஒன்று, இரண்டு. கலப்புத் துண்டின் கறுப்புப் பக்கம் மூன்று, சிவப்புப் பக்கம் நான்கு. இரட்டைச் சிவப்பின் பக்கங்கள் ஐந்து, ஆறு. "நாம் பையிலிருந்து எடுப்பது துண்டு, ஆனால் கண்ணால் காண்பது பக்கம். ஆகவே பக்கங்களையே எண்ணுவோம்" என்கிறார். ஆறு பக்கங்களும் மேலே வருவதற்குச் சம வாய்ப்புடையவை. மேலே கறுப்பு என்றால், நாம் காண்பது ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய பக்கங்களுள் ஏதோ ஒன்று. ஒன்றாம் பக்கமாயின் அடியில் இரண்டு, அதுவும் கறுப்பு. இரண்டாம் பக்கமாயின் அடியில் ஒன்று, அதுவும் கறுப்பு. மூன்றாம் பக்கமாயின் மட்டுமே அடியில் சிவப்பு. மூன்று வழிகளில் இரண்டு கறுப்புக்குச் சாதகம். இளைஞர் கூறியதே சரி.

நிரூபணம் முடிந்தும் கணக்கரின் மனம் ஒப்பவில்லை. அவரைக் குறை கூறவும் இயலாது. தர்க்கம் வாயடைத்தாலும் மனம் சில வேளைகளில் பிரத்தியட்சத்தையே நாடும். ஆகவே நால்வரும் சோதனையில் இறங்குகிறார்கள். பெரியவர் கண்ணை மூடித் துண்டை எடுத்து வைக்கிறார். இளைஞர் புரட்டிக் காட்டுகிறார். கணக்கர் தம் நோட்டில் கோடு இழுக்கிறார். ஆசிரியர் துண்டைப் பையிலிட்டு மறுபடியும் குலுக்குகிறார். அறுபது முறை எடுத்தால், ஏறக்குறைய முப்பது முறை மேலே கறுப்புத் தெரியும். கணக்கர் கூறியபடி பாதிக்குப் பாதியானால், அந்த முப்பதில் அடியும் கறுப்பாயிருப்பது பதினைந்தையொட்டி நிற்க வேண்டும்; இளைஞர் கூறியபடியானால் இருபதையொட்டி நிற்க வேண்டும்.

முப்பது என்பது தீர்ப்புச் சொல்லப் போதுமா? கணக்கிட்டுப் பார்த்தால், உண்மையான வாய்ப்பு மூன்றில் இரண்டாக இருந்தபோதிலும், முப்பது கறுப்புகளில் பதினைந்தோ அதற்குக் குறைவோ மட்டுமே அடிக்கறுப்பாக வந்து, நம்மை ஏமாற்றுவதற்கு நூற்றில் சுமார் நான்கு பங்கு வாய்ப்பு உண்டு. அது சிறிதுதான்; ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. நால்வரும் சலியாமல் பத்து மாலைப்பொழுதுகள் அமர்ந்து, கறுப்பு தெரிந்த முந்நூறு எடுப்புகளைச் சேர்த்துவிட்டால், அவற்றில் நூற்றைம்பதோ அதற்குக் குறைவோ வந்து ஏமாற்றும் வாய்ப்பு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உழைப்பு பத்து மடங்கு கூடினால் ஐயம் பத்து மடங்கு குறையும் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது இலட்சக்கணக்கான மடங்கு குறைகிறது. இத்தகைய வீழ்ச்சியின் வேகத்தை அளப்பதற்கென்றே ஒரு சித்தாந்தம் உண்டு. அதனைப் பேருருவில் வளர்த்தெடுத்தவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர். அவரிடம் பின்னர் வருவோம்.

கணக்கரும் இணங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான், அதுவரையில் அதிகம் பேசாதிருந்த பெரியவர் வாய் திறக்கிறார். "தம்பி, நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒரு கேள்வி. துண்டை எடுத்து வைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு வைத்தானா, பார்த்து வைத்தானா?"

"கண்ணை மூடித்தான், பாய்."

"பார்த்து வைத்திருந்தால்?"

சரக்கு விற்க வந்தவர் தோலை விரிக்கும்போது நல்ல பக்கம் மேலே வருமாறு விரிப்பார் என்பது அத்தொழிலில் பழகியவர்களுக்கு முதற்பாடம். துண்டை எடுத்தவர் இரு பக்கங்களையும் பார்த்துவிட்டு, கறுப்பு இருந்தால் கறுப்பையே மேலே வைப்பது என்னும் வழக்கமுடையவராயிருந்தால் என்ன ஆகும்? இரட்டைக் கறுப்புத் துண்டு வந்தாலும் மேலே கறுப்பு. கலப்புத் துண்டு வந்தாலும் மேலே கறுப்பு. இரண்டும் சம அளவில் வருவதால், அடியில் கறுப்பு இருப்பதற்கான வாய்ப்பு இப்போது மெய்யாகவே பாதிக்குப் பாதியாகிவிடுகிறது! மேசைமேல் இருக்கும் துண்டு அதே துண்டு. கண்ணுக்குத் தெரிவது அதே கறுப்பு. ஆனால் அது நம் கண்ணுக்கு வந்து சேர்ந்த வழி மாறியதனால் விடையும் மாறிவிட்டது.

நிகழ்தகவுப் புதிர்களின் மர்மம் பெரும்பாலும் இந்த ஓரிடத்திலேயே தங்கியிருக்கிறது. நாம் அறிந்தது என்ன என்பது மட்டும் கணக்கில் சேருவதில்லை. அதை எவ்வாறு அறிந்தோம் என்பதும் சேருகிறது. கணக்கர் தம்மையறியாமலே, பார்த்து வைக்கும் கையை மனத்தில் கொண்டிருந்திருக்கலாம். இளைஞர் பாராமல் வைக்கும் கையை மனத்தில் கொண்டிருந்தார். இருவரும் தத்தம் மனத்துக்குள்ளேயே தனித்திருந்து நூறு நாள் சிந்தித்திருந்தாலும், சொல்லாமல் விட்ட அந்த அனுமானம் வெளிவந்திராது. ஏனெனில், தன் அனுமானத்தைத் தானே காண்பது தன் முதுகைத் தானே காண்பதற்கு ஒப்பாகும். எதிரே அமர்ந்திருப்பவரின் மறுப்பே அதற்குக் கண்ணாடி. இக்கட்டுரையின் வாயிலாக நான் வற்புறுத்த விரும்புவதும் இதுவே: நிகழ்தகவில் கருத்து வேற்றுமை ஓர் இடையூறன்று, உண்மையைத் தோண்டியெடுப்பதற்கு வாய்த்த கருவி அது.

இது வெறும் புகழுரையன்று என்பதற்கு அந்தச் சாஸ்திரத்தின் பிறப்பே சாட்சி. 1654-ஆம் ஆண்டில், பாரிஸிலிருந்த பாஸ்கலும் தூலூஸிலிருந்த பெர்மாவும் கடிதங்களின் வாயிலாக ஒரு சூதாட்டப் புதிரைச் சேர்ந்து ஆராய்ந்தனர். இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் வைத்து, முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே 64-ம் என்று ஆடத் தொடங்கி, ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றிருக்கும் நிலையில் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தால், பணத்தை எப்படிப் பங்கிடுவது? பாஸ்கல் பின்வருமாறு எண்ணினார்: அடுத்த ஆட்டத்தில் முன்னிற்பவர் தோற்றாலும் இருவரும் சமமாகி அவருக்கு 32 உறுதி, எஞ்சிய 32 அந்த ஓர் ஆட்டத்தைப் பொறுத்தது, ஆகவே அதில் பாதி 16, மொத்தம் 48. பெர்மாவோ, இன்னும் இரண்டு ஆட்டங்கள் நடந்தால் விளையக்கூடிய நான்கு முடிவுகளையும் வரிசையாக எழுதி, அவற்றுள் மூன்று முன்னிற்பவருக்கு வெற்றி என்று கண்டு, 64-ல் முக்கால் பங்காகிய அதே 48-ஐ அடைந்தார். வெவ்வேறு வழிகளில் நடந்த இருவர் ஒரே இடத்தில் சந்தித்தபோது, இது கற்பனையன்று, கணிதம் என்னும் துணிவு பிறந்தது.

நம் நாட்டுப் பழங்கதையிலும் இதற்கு ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் நளோபாக்கியானத்தில், சூதாட்டத்தில் அனைத்தையும் இழந்த நளன், உருமாறி, அயோத்தி மன்னன் ருதுபர்ணனுக்குத் தேரோட்டியாகச் செல்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் இரண்டு கிளைகளில் இத்தனை இலைகளும் 2095 காய்களும் உள்ளன என்று நின்ற இடத்திலிருந்தே கூறிவிடுகிறான். நளன் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்த்த பின்னரே வியக்கிறான். பின்னர் மன்னன் தன் எண்ணும் வித்தையையும் பகடையின் இரகசியத்தையும் நளனுக்குக் கற்பிக்க, நளன் தன் அசுவ வித்தையைக் கைம்மாறாக அளிக்க இசைகிறான். ஒருவர் ஊகிக்க, மற்றவர் சோதிக்க, இருவரும் வித்தையைப் பகிர்ந்துகொள்ளும் இந்தக் காட்சியில் கூட்டு ஆராய்ச்சியின் இலட்சணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழங்காலத்துப் பகடையாக உருண்டதும் தான்றிக் கொட்டையே. அந்தத் தான்றிக்கு நெருங்கிய உறவான கடுக்காய், ஆவாரம் பட்டையோடு சேர்ந்து நெடுங்காலம் தென்னாட்டுத் தோலைப் பதப்படுத்தி வந்தது என்பதையும் எண்ணும்போது, நிகழ்தகவுக்கும் பாலாற்றங்கரைக்கும் மரவினத்தின் வழியாகவே ஓர் உறவு இருப்பது புலப்படும்.

இனி, நான் முன்பு குறிப்பிட்ட தமிழருக்கு வருவோம். எஸ்.ஆர்.எஸ். வரதன் 1940-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். அவர் தந்தையார் அறிவியல் ஆசிரியராயிருந்து பொன்னேரியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரானவர். பள்ளிப் பருவத்தில், கணித ஆசிரியர் ஒருவர் வார இறுதியில் மாணவர் சிலரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, தேர்வுக்கென்றன்றி, சதுரங்கம் ஆடுவதுபோன்ற ஆனந்தத்துக்காகவே கணக்குகளைக் கொடுத்துச் சிந்திக்கச் செய்தார் என்பதைப் பிற்காலத்தில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின், தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் புள்ளியியலைக் கற்கும் நோக்கத்தோடு 1959-ல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அடைந்தார். அங்கே கே.ஆர். பார்த்தசாரதி, வி.எஸ். வரதராஜன், ஆர். ரங்கா ராவ் என்னும் இளைஞர்களின் நட்பு அவரை நிகழ்தகவின் பக்கம் திருப்பியது. ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டும் வாதாடிக்கொண்டும் வளர்ந்த அவர்களை இந்தியக் கணித உலகம் இன்றும் ஒருசேர நால்வர் என்றே நினைக்கிறது. நிகழ்தகவுக்கு 1933-ல் அடித்தளம் வகுத்த ருஷ்ய மேதை கொல்மொகோரோவ் 1962-ல் அந்நிறுவனத்துக்கு வந்தபோது, இளம் வரதனின் ஆராய்ச்சியுரையைச் சபையில் அமர்ந்து கேட்டார். பார்த்தசாரதியும் ரங்கா ராவும் வரதனும் மூவராகக் கையொப்பமிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை 1963-ல் வெளிவந்தது.

அமெரிக்கா சென்றபின்னும் அவர் தனித்து நிற்கவில்லை. ஸ்ட்ரூக்கோடும் டான்ஸ்கரோடும் கைகோத்துப் பெரும் பணிகளைச் செய்தார். அரிதினும் அரிதான விலகல்கள் எவ்வளவு அரிது என்பதை அளக்கும் பெருவிலகல் கோட்பாட்டை ஒருமைப்பட்ட சித்தாந்தமாக்கியதைச் சிறப்பாகக் குறிப்பிட்டே 2007-ஆம் ஆண்டின் ஆபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நம் தாழ்வாரத்து நால்வர் முப்பது எடுப்பிலிருந்து முந்நூறு எடுப்புக்குச் சென்றபோது, நூற்றில் நான்காயிருந்த ஏமாற்றம் கோடியில் ஒன்றுக்கும் கீழே சரிந்ததே, அந்தச் சரிவின் விதியே இக்கோட்பாட்டின் வித்து. நாணயத்திலும் தோல் துண்டிலும் தொடங்கும் அந்த வித்தை, வரதனின் கையில் இயற்பியலின் கடினமான வினாக்கள் வரையில் கிளை விரித்தது.

கூட்டுச் சிந்தனைக்கு எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம்: பலர் சேர்ந்து ஒரே தவற்றை உறுதியாகச் செய்வதில்லையா? செய்வதுண்டு. 1990-ல் அமெரிக்க வாரமலர் ஒன்றில் மேரிலின் வாஸ் சாவந்த் என்னும் அம்மையார், மூன்று கதவுகளைப் பற்றிய புதிர் ஒன்றுக்குச் சரியான விடையை எழுதியபோது, அவர் தவறிவிட்டதாகக் கருதிய முனைவர்கள் உட்பட ஏறக்குறைய 10,000 பேரின் கடிதங்கள் குவிந்தன. ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்குப் பின்னால் ஆடு. நாம் ஒரு கதவைத் தேர்ந்தபின், கார் இருக்குமிடம் அறிந்த நிகழ்ச்சித் தலைவர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார். மாறிக்கொண்டால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. திறந்தவர் தெரிந்தே திறந்தார் என்பதை மறந்தவர்கள் பாதிக்குப் பாதி என்றார்கள். பெரியவர் கேட்ட அதே கேள்வியை, பார்த்துத் திறந்தாரா பாராமல் திறந்தாரா என்பதை, அவர்களுள் பலர் கேட்கவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு சேர்ந்து கட்டுரை எழுதிய மாபெரும் கணித அறிஞர் பால் எர்டிஷ்கூட இவ்விடையை முதலில் ஏற்க மறுத்து, நண்பர் ஒருவர் கணினியில் பலமுறை ஆடிக் காட்டிய பிறகே இணங்கினார். ஆகவே கூட்டம் கூடுவது மட்டும் போதாது, ஒருவர் எண்ண வேண்டும், ஒருவர் சோதிக்க வேண்டும், ஒருவர் ஏட்டில் குறிக்க வேண்டும், ஒருவராவது "இச்செய்தி நமக்கு எப்படி வந்தது?" என்று கேட்க வேண்டும், எல்லாவற்றிலும் மேலாக, விடை தமக்கு மாறாக வந்தால் அதை ஏற்கும் பெருந்தன்மை அனைவருக்கும் வேண்டும்.

ஒரு கட்டுத் தோலின் மேலிருந்த இரண்டைப் பார்த்து முழுக் கட்டையும் விலைபேசுபவருக்கும், தேர்ந்தெடுத்துக் காட்டப்பட்ட ஒரு புள்ளிவிவரத்தைப் படித்து நாட்டின் நிலையை முடிவு செய்யும் நமக்கும் இந்தப் பாடம் ஒன்றே. காட்டப்பட்டதைக் காண்பதோடு, காட்டிய கையையும் காண வேண்டும்.

ஆதலால் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. இந்த ஞாயிற்றுக்கிழமை, தடித்த அட்டையில் மூன்று துண்டுகளை வெட்டி, மேலே கூறியவாறு வண்ணம் தீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் விடையோடு உடன்படாத ஒருவரைத் தேடிப் பிடித்து எதிரே அமர்த்துங்கள். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். மேலே கறுப்புத் தெரிந்த முறைகள் முப்பது ஆகும்வரை எடுங்கள். பொழுதிருந்தால் முந்நூறு வரை செல்லுங்கள். துண்டைப் பாராமல் வையுங்கள். பின்னர் பார்த்து வைத்தும் பாருங்கள். இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.